கரியனின் வெள்ளைக் கன்று

நாகநாதனுக்குத் தன் மீசையின் மேல் எவ்வளவு பெருமையோ அதே அளவு பெருமை தன் தொழுவத்தின் மேலும் உண்டு. காரைக்குடியிலிருந்து சிங்கம்புணரி போகும் பேருந்தில் வந்து மேலக்கரைப்பட்டி விலக்கில் இறங்கி வழி கேட்பவர்களிடம், "மீசைக்காரர் வீடா, மாட்டுக்காரர் வீடா?" என்று ஊரார் திருப்பிக் கேட்பார்கள். வந்தவர் விழித்தால், "எதுவா இருந்தாலும் நேரா போங்க, ரெண்டும் ஒரே வீடுதான்" என்று சிரிப்பார்கள்.

விவசாயம் அவருக்குத் தொழில். அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார். மாடு வளர்ப்பு பொழுதுபோக்கு. அதில்தான் மூச்சுவிட நேரமில்லாமல் உழைத்தார். உழைப்பு என்றால் சாணி அள்ளுவதும் தண்ணீர் காட்டுவதும் அல்ல. அவற்றை மனைவி நாச்சியார் பார்த்துக்கொண்டார். நாகநாதன் பார்த்துக்கொண்டது மாடுகளின் குலப்பெருமையை.

மாசி மாதம் ஊர் மந்தையில் மஞ்சுவிரட்டு நடக்கும். கோயில் காளையை அவிழ்த்துவிட்ட பிறகு வெளியே வரும் முதல் காளை நாகநாதன் வீட்டுக் காளை. அவருடைய அப்பா காலத்தில் வந்து சேர்ந்த மரியாதை அது. வருஷத்தின் மற்ற நாட்களை அவர் அந்த ஒரு நாளுக்காகத்தான் ஓட்டினார்.

மரியாதையைக் காப்பாற்ற அவர் வைத்திருந்த வழி எளிமையானது. வெளி மாட்டை உள்ளே விடக் கூடாது. ஊரில் மற்றவர்கள் பசுக்களோடு சேர்க்கும் பொலிகாளையை மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள். ஒருவர் காளையை இன்னொருவர் வாங்கிக்கொள்வார், அல்லது சந்தையில் புதிதாகப் பிடித்து வருவார்கள். நாகநாதன் அதைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார். அவருடைய தொழுவத்தில் கரியன்தான் பொலிகாளை. முன்பு கரியனின் அப்பன், அதற்கு முன்பு கரியனின் தாத்தா. மயிலை என்கிற பசு கரியனின் மகள். இன்னும் கன்று போடாத கிடேரிகள் மூன்றும் கரியனின் மகள்கள். ஐப்பசியில் மயிலை ஈனப்போகும் கன்றுக்குக் கரியனே அப்பன், கரியனே தாத்தா. இந்த விவரத்தை வேறு யாராவது ஒளித்து வைத்திருப்பார்கள். நாகநாதன் டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"சுத்தம்னா இது சுத்தம். ஒரு சொட்டு வெளி ரத்தம் என் தொழுவத்துக்குள்ள வந்துச்சுன்னா, மீசையில பாதியை எடுத்துட்டு மந்தையில வந்து நிக்கிறேன்."

"பசு வழியில எதுவும் வராதா மச்சான்?" என்று கேட்டார் முத்தப்பன். அவரும் காளைக்காரர். மொரடன் என்று ஒரு காளை வைத்திருந்தார். மந்தையில் மொரடனுக்கு இரண்டாவது இடம். அதாவது, நாகநாதன் இருக்கும்வரை இரண்டாவது இடம்.

"பசுங்கிறது பானைப்பா. பானையில இருந்து என்ன வரும்? போட்டதுதான் வரும். வித்து காளையோடது."

இது நாச்சியார் காதுக்கும் போகும். பலமுறை போயிருக்கிறது. நாச்சியார் வேறு யாரும் அல்ல, நாகநாதனுடைய அக்காள் மகள். தொழுவத்துக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. அந்த நேர்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஒரே மகள் யோகலட்சுமியையும் நாச்சியாரின் தம்பி மகன் அழகுராஜாவுக்குத்தான் என்று அவள் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே அறிவித்துவிட்டார். யோகலட்சுமி இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் தஞ்சாவூர்ப் பையன் ஒருவனைப் பற்றித் தாயிடம் சொல்லியிருந்தாள். நாச்சியார் அதை ஒருநாள் சோறு போடும்போது மெதுவாக எடுத்தார். நாகநாதன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஐப்பசியில் தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் மயிலை கன்று ஈன்றது. காளைக்கன்று. நாச்சியார் வைக்கோலால் அதைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது நாகநாதன் தொழுவத்து வாசலில் நின்றார்.

கன்று வெள்ளையாக இருந்தது. வெள்ளை மாடு ஊரில் இல்லாததல்ல. ஆனால் எந்த வெள்ளை மாட்டுக்கும் மூக்கு கருப்பாக இருக்கும், குளம்பு கருப்பாக இருக்கும், கண்ணோரம் மை தீட்டியது போல இருக்கும். இதற்கு மூக்கு இளஞ்சிவப்பு. குளம்பு மெழுகு நிறம். இமைமுடிகூட வெள்ளை. மேகம் விலகி ஒரு கீற்று வெயில் விழுந்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டது.

"யாரு வந்தா?" என்றார் நாகநாதன்.

"எங்குட்டு?"

"தொழுவத்துக்குள்ள யாரு வந்தான்னு கேக்குறேன்."

"யாரும் வரலை மாமா. கன்னுக்குட்டிதான் வந்திருக்கு."

நாச்சியார் அதற்குப் பஞ்சு என்று பெயர் வைத்தார். நாகநாதன் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. எந்தப் பெயரும் சொல்லவில்லை. தொழுவத்துக் கதவை, கரியன் பிறந்த நாளிலிருந்து சாத்தாத கதவை, அன்று சாத்தினார். கதவு சாத்தியிருக்கிறது என்பதே ஊருக்குப் போதுமான செய்தியாக இருந்தது.

இரண்டு நாளில் டீக்கடையில் முத்தப்பன் ஆரம்பித்தார். "மச்சான், கரியன் மகன் வெளிநாட்டுல பொறந்த மாதிரி இருக்கானாமே. பாஸ்போர்ட் எடுத்தாச்சா?"

சிரிப்போடு போயிருந்தால் நாகநாதன் பொறுத்திருப்பார். ஆனால் மஞ்சுவிரட்டுக்கு விழாக் குழு என்று ஒன்று இருந்தது. நாட்டுக் காளைகளை மட்டுமே அவிழ்க்க வேண்டும், கலப்பினக் காளை ஒன்று உள்ளே வந்தாலும் அனுமதிக்குச் சிக்கல் என்று அது ஏற்கெனவே பயந்துபோய் இருந்தது. குழுவினர் கூடிப் பேசினார்கள். நாகநாதன் தொழுவத்தில் சீமை மாடு கலந்திருக்கிறதா இல்லையா என்பது தெரியும்வரை அங்கிருந்து எந்தக் காளையும் மந்தைக்கு வர வேண்டாம். முதல் காளையாக மொரடன் போகட்டும்.

நாகநாதன் நேராக ரவிக்குமாரிடம் போனார். ரவிக்குமார் மோட்டார் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குச் சீமைக் காளை விந்தைச் சினை ஊசியாகப் போடுகிறவன்.

"உண்மையைச் சொல்லு. என் மயிலைக்கு எப்ப ஊசி போட்ட?"

"உங்க வாசல்ல வண்டியை நிறுத்துனாலே கம்பை எடுத்துக்கிட்டு வருவீக. நான் உள்ள வந்திருந்தா எனக்குத்தான் யாராவது ஊசி போட்டுருக்கணும்."

அது நியாயமாக இருந்தது. எனவே அடுத்த நாள் மந்தையில் நாலு பேர் முன்னால், முத்தப்பனின் மொரடன்தான் வேலி தாண்டி வந்து மயிலையைக் கெடுத்துவிட்டது என்று குற்றம் சாட்டினார். முத்தப்பன் கோபப்படவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் வைத்து நிதானமாக மென்றார்.

"சரி மச்சான். என் காளை உங்க வேலியைத் தாண்டிருச்சு. ஒத்துக்கிறேன். இப்ப வெளி ரத்தம் உள்ள வந்துருச்சு. அந்த மீசை விசயம் என்னாச்சு?"

கன்று கரியனுடையது என்றால் கரியன் ரத்தத்தில் சீமை மாடு கலந்திருக்கிறது என்பார்கள், மந்தை போகும். கரியனுடையது இல்லை என்றால் மீசை போகும். இரண்டில் எதைக் கொடுப்பது என்று அவர் மந்தையின் நடுவில் நின்று யோசித்ததை ஊரே பார்த்தது.

"டாக்டரம்மாகிட்டக் கேப்போம் மாமா" என்றார் நாச்சியார், வீட்டுக்கு வந்ததும். "அப்பன் யாருன்னு மாட்டுக்கும் பரிசோதனை இருக்காம்."

கால்நடை மருத்துவர் மெய்யம்மைக்குப் பூர்வீகம் இளையாத்தங்குடிப் பக்கம், வீடு காரைக்குடியில். செட்டியார் வீட்டுப் பெண் என்பதால் நாகநாதன் அவரை டாக்டராச்சி என்றுதான் கூப்பிடுவார். முப்பத்தைந்து வயதுக்கு அந்த அழைப்பு கொஞ்சம் பாரம்தான். மெய்யம்மை பழகிக்கொண்டிருந்தார்.

"கன்னு, தாய், ரெண்டு காளை. நாலு பேருக்கும் வால் முடி வேணும்" என்றார் மெய்யம்மை. "வேரோட பிடுங்கணும். வெட்டித் தந்தா ஆகாது. வேர்ல ஒட்டியிருக்கிற செல்லுக்குள்ளதான் டி.என்.ஏ. இருக்கும்."

"காளை வாலைப் பிடிச்சுப் பிடுங்கணுமா?"

"ஆமாய்யா. ஏன், உங்க காளைதானே?"

ஊரில் எந்த வீரனும் கை வைக்க முடியாத காளை என்று கரியனைப் பற்றி இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இப்போது அதை நிரூபிக்கும் சந்தர்ப்பம் வந்தது. தொழுவத்துக்குப் போனார். கரியனின் முகத்தைப் பார்த்தார். கரியன் அவரைப் பார்த்தது. அவர் திரும்பி வந்து, கயிறு இன்னும் இரண்டு வேண்டும், ஆளும் நாலு பேர் வேண்டும் என்றார். அதற்குள் நாச்சியார் பருத்திக்கொட்டை வைத்த சட்டியைக் கரியன் முன்னால் தள்ளிவிட்டு, அதன் முதுகைத் தடவிக்கொண்டே பின்னால் போய், வால் நுனியில் ஒரு கொத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். கரியன் தலையைக்கூடத் தூக்கவில்லை. மொரடனுக்கும் அதே வைத்தியம்தான். அங்கே சட்டியை வைத்தது முத்தப்பன் மனைவி. இரண்டு வீரர்களின் முடியும், தாய், கன்றின் முடியும் உறைகளில் போய்ச் சென்னை ஆய்வகத்துக்குப் புறப்பட்டன.

தை மாதம் முடிவு வந்தது. மெய்யம்மை ஸ்கூட்டரில் வந்து இறங்கி நேராகத் தொழுவத்துக்குப் போனார். பஞ்சு நிழலில் படுத்திருந்தது. கரியன் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"கன்னோட அப்பா கரியன்தான். மொரடன் இல்லை. கலப்பின அடையாளமும் எதுவும் இல்லை."

நாகநாதன் மீசையை இரண்டு பக்கமும் தடவினார். "நான் சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?"

"முத்தப்பன் காளைதான்னு சொன்னீக" என்றார் நாச்சியார்.

"அது பேச்சுக்குச் சொன்னது. டாக்டராச்சி, அப்புறம் இது ஏன் இப்படி வெளுத்துப் போய்க் கிடக்கு?"

மெய்யம்மை சுவரில் தொங்கிய கரியனின் மணிமாலையை எடுத்தார். மந்தைக்குப் போகும்போது கழுத்தில் கட்டுவது. "கருப்பு எப்படி வருதுன்னு முதல்ல பாப்போம். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் உள் அறை மாதிரி ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள டி.என்.ஏ. இருக்கு. நீளமான எழுத்துச் சுருள்னு வச்சுக்குங்க. நாலே எழுத்துதான். அந்த நாலும் எந்த வரிசையில வருதுங்கிறதுதான் விசயம். எந்தப் புரதத்தை எப்படிச் செய்யணும்னு அதுல இருக்கும்."

"புரதம்னா பருப்பு, முட்டையில இருக்கிறது."

"அது திங்கிற புரதம். உடம்பு அதை இந்த மாலையை அறுக்கிற மாதிரி அறுத்து, மணி மணியாப் பிரிச்சுக்கும். அப்புறம் தனக்கு வேண்டிய மாலையைத் தானே கோத்துக்கும். மணிக்கு அமினோ அமிலம்னு பேரு. மொத்தம் இருபது வகை. எந்த மணிக்கு அடுத்து எந்த மணிங்கிற வரிசை மாறுனா வேற புரதம். தோல் வேற, தசை வேற, கொம்பு வேற. வரிசையைச் சொல்றது டி.என்.ஏ."

"டி.என்.ஏ.வே கோக்குமா?"

"கோக்காது. அது உள் அறையை விட்டு வெளிய வராது. வீட்டுப் பத்திரத்தை யாராவது கொத்தனார் கையில குடுப்பாகளா? தேவையான பக்கத்தை மட்டும் நகல் எடுத்து வெளிய அனுப்பும். அந்த நகலுக்கு ஆர்.என்.ஏ.ன்னு பேரு. வெளிய ரைபோசோம்னு ஒரு பட்டறை இருக்கு. அது நகலை மூணு மூணு எழுத்தா வாசிக்கும். மூணு எழுத்துக்கு ஒரு மணி. அந்தந்த மணியைத் தூக்கிட்டு வந்து குடுக்கிறதுக்குன்னு சின்ன ஆர்.என்.ஏ.க இருக்கு. ஒருத்தன் ஒரு வகை மணியைத்தான் தூக்குவான். அடுத்தவன் வேலையைத் தொடமாட்டான்."

"நம்ம ஊரு கல்யாணத்துல பந்தி பரிமாறுறவுகளும் அப்படித்தான்" என்றார் நாச்சியார். "சாம்பார் வாளிக்காரன் ரசத்தைத் தொடவே மாட்டான்."

"அதேதான்க்கா. இப்படிக் கோத்துக்கிட்டே வந்து, 'போதும்'னு அர்த்தம் வர்ற மூணு எழுத்து வந்ததும் நிறுத்திடும். மாலை கழண்டு விழும். விழுந்து சும்மா கிடக்காது. சுருண்டு மடங்கி ஒரு உருவம் எடுக்கும். அந்த உருவம் சரியா இருந்தாத்தான் வேலை செய்யும். கருப்பு நிறத்தை உண்டாக்குறதும் அப்படி ஒரு புரதம்தான். இப்ப மூலத்துலயே ஒரு எழுத்து பழுதுன்னு வச்சுக்குங்க. எடுக்கிற ஒவ்வொரு நகல்லயும் அதே பழுது இருக்கும். தப்பான மணி விழும், இல்லைன்னா பாதியிலயே 'போதும்'னு வந்துரும். மாலை அரைகுறை. கருப்பு வராது. மூக்குல வராது, கண்ணுல வராது, எங்கயும் வராது. பஞ்சுவுக்கு எந்த எழுத்துல பழுதுன்னு இந்தப் பரிசோதனை சொல்லலை. ஆனா இப்படிப் பொறக்கிற கன்னுகளுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த மாதிரிதான்."

நாகநாதன் கரியனைக் கை காட்டினார். "இவன் கருவண்டு மாதிரி இருக்கானே! இவனுக்குப் பொறந்ததுக்கு எப்படிப் பழுது வரும்?"

"ஒவ்வொரு குறிப்பும் ரெண்டு பிரதி இருக்கும்யா. ஒண்ணு அப்பாகிட்ட இருந்து, ஒண்ணு அம்மாகிட்ட இருந்து. ஒண்ணு நல்லா இருந்தாலே கருப்புக்குப் போதும். பழுதானது சத்தமில்லாம உக்காந்திருக்கும். கரியன்கிட்ட அப்படி ஒண்ணு உக்காந்திருக்கு."

"கரியன்கிட்டயா?"

"கரியன்கிட்டத்தான். அதை மயிலைக்குக் குடுத்துட்டான். மயிலைக்கு அவ அம்மா குடுத்த பிரதி நல்லது. அதனால அவளும் தப்பிச்சா. வெளிக் காளையோட சேர்ந்திருந்தா இந்தப் பழுது வெளிய தெரிஞ்சிருக்கவே வாய்ப்புக் குறைவு. மறுபடியும் கரியன்கிட்டயே விட்டீக. கரியன் கையிலயும் அதே பழுது, மயிலை கையிலயும் அதே பழுது. ரெண்டும் ஒரே கன்னுக்கு வந்து சேர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. வந்துருச்சு."

நாகநாதன் கரியனையும் பஞ்சுவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப வெளி ரத்தம் வந்ததால வெளுக்கலை?"

"வராததால வெளுத்திருச்சு."

நாச்சியார் பஞ்சுவின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அதன் காதைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அப்ப பசு பானை இல்லையா டாக்டரம்மா?"

"பாதிக் குறிப்பு பசுவோடதுக்கா."

"பாதி" என்று நாச்சியார் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "மனுசருக்கும் இப்படித்தானா?"

மெய்யம்மை சற்றுத் தயங்கினார். "மனுசருக்கும் இப்படித்தான். எல்லார்கிட்டயும் ஒண்ணு ரெண்டு பழுது சத்தமில்லாம இருக்கும். சொந்தக்காரவுகன்னா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு அதிகம். அவ்வளவுதான். கண்டிப்பா வரும்னு இல்லை."

நாச்சியார் திரும்பிக் கணவரைப் பார்த்தார். நாகநாதனுக்கு அந்த நேரம் பார்த்து வைக்கோல் போரில் ஏதோ முக்கியமான வேலை வந்துவிட்டது.

கிளம்பும்போது மெய்யம்மை சொன்னார், "அந்த மூணு கிடேரியையும் கரியன்கிட்ட விடாதீகய்யா. ஒவ்வொண்ணுக்கும் இந்தப் பழுது பாதிக்குப் பாதி இருக்கலாம். நிறம் போனாக்கூடப் பரவாயில்லை. நமக்குத் தெரியாத வேற பழுது என்னென்ன இருக்கோ. உறவில்லாத காளையாப் பாருங்க. அதுக்கும் பழுது இருக்கும், ஆனா அது வேற பழுதா இருக்கும். ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்கும்."

"உறவில்லாத காளைன்னா சந்தைக்குப் போகணுமா?"

"எதுக்கு? மொரடன் இருக்கே. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு இந்த முடிவுலயே தெரியுது."

மந்தையில் விழாக் குழு கூடிய நாளில் நாகநாதன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். ஆய்வக முடிவை உரக்க வாசித்தார். கரியன்தான் தகப்பன், கலப்பில்லை என்ற இரண்டு வரிகளையும் இரண்டுமுறை வாசித்தார். குழு அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சரி, முதல் காளை கரியன்தான் என்றது. நாகநாதன் மீசையைத் தொட்டபடி உட்காரப் போனார்.

"அப்பக் கன்னு ஏன் மச்சான் வெள்ளை?" என்றார் முத்தப்பன்.

"அது ஆண்டவன் குடுத்தது."

"டாக்டரம்மா சொன்னதைச் சொல்லுங்க மாமா" என்று பெண்கள் பக்கத்திலிருந்து நாச்சியார் குரல் வந்தது.

வேறு வழியில்லை. டி.என்.ஏ., நகல், பட்டறை, மணிமாலை, அப்பன் பாதி, ஆத்தா பாதி என்று சுற்றி வளைத்தார். எவ்வளவு சுற்றினாலும் பாதை ஒரே இடத்தில்தான் வந்து முடிந்தது. கூட்டத்தில் யாரோ, "அப்பனும் தாத்தாவும் ஒரே ஆளா? பொங்கச் சீரைத் தானே குடுத்துத் தானே வாங்கிக்கும்போல" என்றார். மந்தை சிரித்து முடிய வெகு நேரம் ஆனது.

மாசியில் கரியன் முதல் காளையாக வெளியே வந்து எவர் கைக்கும் அகப்படாமல் கண்மாய்ப் பக்கம் ஓடியது. நாகநாதன் ஜெயித்துவிட்டார். மறுநாளே விலக்கு ரோட்டில் பெரிய பிளெக்ஸ் வைத்தார். கரியன் படம், அதைவிடப் பெரிதாக அவர் படம், கீழே "மரபணுச் சான்று பெற்ற ஒரே காளை" என்று கொட்டை எழுத்து. பஞ்சுவின் படம் இல்லை.

பங்குனியில் மூத்த கிடேரி பருவத்துக்கு வந்து கத்தியது. ஒருநாள் முழுக்க நாகநாதன் காது கேட்காதவர்போல இருந்தார். பிறகு மனைவியிடம், வெள்ளென இருட்டோடு கண்மாய்க் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் முத்தப்பன் வீட்டுக் கொல்லைக்குப் போய்விடலாம், யார் கண்ணிலும் படாது என்று திட்டம் சொன்னார்.

"நம்ம கிடேரி என்ன திருட்டு மாடா?" என்றார் நாச்சியார். "டீக்கடை வழியாத்தான் போவேன். நீங்க கயிறைப் பிடிச்சுக்கிட்டு வரணும். இல்லைன்னா அடுத்த வெள்ளைக் கன்னுக்கு நீங்களே சாணி அள்ளுங்க."

சாணி என்ற சொல் அவரை யோசிக்க வைத்தது. டீக்கடையில் கூட்டம் நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து நாச்சியார் கிளம்பினார். நாகநாதன் துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். முகம் மறைந்தது, மீசை இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தது. கடையில் டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்தினார்.

முத்தப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க மச்சான். வழி தவறி வந்துட்டீகளோ?"

நாகநாதன் துண்டை உருவித் தோளில் போட்டார். பின்னால் டீக்கடையே எழுந்து வந்து நிற்பது அவருக்குத் தெரியும். "சொன்ன சொல்லு சொன்னதுதான். வெளி ரத்தம் வரப்போகுது. கத்தியைக் கொண்டா. பாதி மீசையை எடுத்துக்கிறேன்." யாராவது தடுப்பார்கள் என்ற நம்பிக்கை குரலில் இருந்தது.

"இருங்க, அவசரப்படாதீக" என்றார் முத்தப்பன். "மந்தையில நீங்க சொன்ன கணக்குப்படி பாத்தா, அந்த மீசையில பாதி உங்க அப்பா குடுத்தது, பாதி உங்க ஆத்தா குடுத்தது. எந்தப் பாதியை எடுக்கப் போறீக?"

நாகநாதன் கை மீசைக்குப் போய் நடுவில் நின்றது. வலமும் போகவில்லை, இடமும் போகவில்லை.

"ஆத்தா குடுத்ததை எடுங்க மாமா" என்றார் நாச்சியார். "பானைக்கு ஏது மீசை? அது இருக்கிற இடமே தெரியாது. ஒண்ணும் குறையாது."

முத்தப்பன் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். கத்தி வரவில்லை. கிடேரி உள்ளே போனது.

திரும்பி வரும்போது வெயில் ஏறியிருந்தது. டீக்கடையைத் தாண்டும்வரை பேச்சு கிடேரியைப் பற்றியே இருந்தது.

"யோகு நேத்துப் பேசுனா" என்றார் நாச்சியார்.

"ம்."

"அந்தத் தஞ்சாவூர்ப் பையன் வீட்டுல பேச வரலாமான்னு கேக்குறாகளாம்."

"மாட்டைப் பத்தித்தானே பேசிக்கிட்டு வந்தோம்?"

"நானும் அதைத்தான் பேசுறேன் மாமா."

நாகநாதன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மந்தைவரை நடந்தார். மந்தையில் அவருடைய காளை வெளியே வரும் வாசல் இருக்கிறது. அதைப் பார்த்தார்.

"எந்த ஊருன்னு சொன்ன?"

"தஞ்சாவூரு."

"தூரமால்ல இருக்கு."

"தூரமா இருந்தா நல்லதுன்னுதானே டாக்டரம்மா சொன்னாக."

இந்த முறை அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகவில்லை, நடுரோட்டில் சாப்பாடு இல்லாததால் அது முடியாது. அன்று மாலை மைத்துனருக்குப் போன் போட்டு, அழகுராஜா தங்கமான பையன், அவனுக்கு நல்ல இடமாக வெளியில் பாருங்கள், இதுதான் அறிவியல் என்று அரை மணி நேரம் விளக்கினார். மைத்துனருக்கு ஒன்றும் புரியவில்லை; அழகுராஜாவுக்குப் புரிந்தது. அவனுக்கும் காரைக்குடியில் ஒரு பெண் இருந்தாள்.

ஆவணியில் யோகலட்சுமி கல்யாணம். மார்கழியில் கிடேரி ஒரு கன்று போட்டது. கருமூக்கு, கருங்குளம்பு, கண்ணோரம் மை. பஞ்சு வேப்பமர நிழலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைப் பார்த்தது. நாச்சியாரைத் தவிர வேறு யாரிடமும் பஞ்சு போகாது.

டீக்கடையில் நாகநாதன் இப்போது வேறு பாடம் நடத்துகிறார். நாலு எழுத்து, மூணு மூணா வாசிக்கும், அப்பன் பாதி, ஆத்தா பாதி. வெளி ரத்தம் வரவில்லை என்றால் குலமே வெளுத்துப் போகும், இது தெரியாமல் ஊரில் சில பேர் மாடு வளர்க்கிறார்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறார்.

"முன்னாடி சுத்தம் சுத்தம்னு சொன்னது நீங்கதானே பெரியப்பா?" என்று ரவிக்குமார் கேட்டான்.

"அது போன வருசம்" என்றார் நாகநாதன், மீசையை இரண்டு பக்கமும் சமமாகத் தடவிக்கொண்டு. "அறிவியல் வளருதுப்பா. நாமளும் வளரணும்ல?"